இயக்குநர் குழு நன்றாக இருந்தால் வங்கியின் லாபம் கூடுமா?

வளரும் பொருளாதாரத்தில் கார்ப்பரேட் கவர்னன்ஸ், அதாவது நிறுவன ஆளுகை, வங்கிகளின் செயல்பாட்டை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு குழப்பத்தையும் சொல்லியிருக்கிறீர்கள். சுயாதீன இயக்குநர்கள், அதாவது உரிமையாளரோடும் நிர்வாகத்தோடும் தொடர்பில்லாத இயக்குநர்கள், கூடினால் லாபம் கூடும் என்கிறது ஒரு ஆய்வு, குறையும் என்கிறது இன்னொன்று, ஒரு தொடர்பும் இல்லை என்கிறது மூன்றாவது. எதை நம்புவது? எனக்குப் படுவது, இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வங்கியை ஆளும் விதம் அதன் தலையெழுத்தை மாற்றுமா என்பது ஒன்று. இயக்குநர் குழுவில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் சுயாதீனமானவர்கள் என்று எண்ணுவதால் அந்த ஆளும் விதம் நமக்குப் பிடிபடுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்பேன். இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை. நான் பல வருடங்கள் வங்கிகளின் கடன் கோப்புகளை ஆய்வு செய்யும் பக்கத்தில் இருந்தவன். கருவூலம், அந்நியச் செலாவணி வணிகம் ஆகியவற்றில் எனக்கு அனுபவம் குறைவு. அதனால் இந்தப் பதில் கடன் பக்கமே சாயும், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில், சிமெண்ட் கம்பெனியின் ஆளுகையும் வங்கியின் ஆளுகையும் ஏன் ஒன்றாகாது என்று பார்க்கலாம். வங்கியின் சொத்து 100 பங்கு என்றால், அதில் உரிமையாளர்களின் சொந்தப் பணம் பெரும்பாலும் 10 பங்குகூட இருக்காது. மீதி ஊரார் பணம். துணிந்து போட்ட கடன் ஜெயித்தால் லாபம் உரிமையாளருக்கு. தோற்றால் அவர் இழப்பது தன் சிறு பங்கை மட்டும்தான். மற்றது டெபாசிட்தாரர் தலையிலோ, அவரைக் காப்பாற்ற வரும் அரசின் தலையிலோ விழும். டெபாசிட்தாரர் லட்சக்கணக்கில் சிதறிக் கிடக்கிறார். வங்கியின் ஆண்டறிக்கையைப் புரட்ட அவருக்கு நேரமும் இல்லை, டெபாசிட் காப்பீடு இருக்கும்வரை அவசியமும் இல்லை. அப்புறம் கடன் என்ற சரக்கு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கிடங்கில் இருக்கும் சிமெண்ட் மூட்டையை எண்ணிவிடலாம். கொடுத்த கடன் திரும்பி வருமா என்பது கொடுத்தவருக்கே இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும். வளரும் பொருளாதாரத்தில் இன்னும் சில சேர்கின்றன. வங்கியின் உரிமையாளர் ஒரு குடும்பமாகவோ தொழில் குழுமமாகவோ அரசாகவோ இருப்பார். பங்குச் சந்தை ஆழமாக இருக்காது, அதனால் பங்கு விலை பெரிதாக எதையும் எச்சரிக்காது. கடனை வசூலிக்க நீதிமன்றம் போனால் வருடங்கள் ஓடும். இப்படி வெளியிலிருந்து வரும் கண்காணிப்பு ஒவ்வொன்றும் மெலிந்திருப்பதால்தான் உள்ளே இருக்கும் ஆளுகைக்கு அங்கே இவ்வளவு கனம்.

உங்கள் குழப்பத்தின் வேர் லாபம் என்ற எண்ணில் இருக்கிறது. ஆய்வுகள் பெரும்பாலும் சொத்தின் மீதான வருவாய், பங்கு மூலதனத்தின் மீதான வருவாய் ஆகிய இரண்டையும் எடுத்துக்கொண்டு அதே வருடத்து இயக்குநர் குழு விவரங்களோடு பொருத்திப் பார்க்கின்றன. ஆனால் அந்த லாபத்தைக் கணக்கிடுவதே அந்த நிர்வாகம்தான். யோக்கியமான தொழிலுக்கு 10 சதவீத வட்டிக்குக் கடன் கொடுக்கும் வங்கியும், வேறு யாரும் கொடுக்க மறுத்த ஒரு மனை வணிகருக்கு 16 சதவீதத்துக்குக் கொடுக்கும் வங்கியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் இரண்டாவது வங்கிதான் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். வட்டியும் அதிகம், கையோடு வாங்கிய செயலாக்கக் கட்டணமும் அதிகம். தவணை நெருங்கும்போது அந்த வணிகரின் இன்னொரு கம்பெனிக்குப் புதுக் கடன் கொடுத்து, அந்தப் பணத்தாலேயே பழைய கடனின் வட்டியைக் கட்ட வைக்கலாம். இதை வங்கி வட்டாரத்தில் எவர்கிரீனிங் என்பார்கள். ஏட்டில் கடன் பச்சையாகவே இருக்கும், வாராக்கடனுக்கு ஒதுக்கீடு தேவைப்படாது, லாபம் ஏறிக்கொண்டே போகும். ஆக மோசமான ஆளுகையின் முதல் விளைவு, குறைந்தது சில வருடங்களுக்கு, நல்ல லாபம்தான்! அந்தச் சில வருடங்களுக்குள் எடுத்த தரவு தவறான பக்கம் கைகாட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இந்தியாவின் யெஸ் வங்கி இதற்கு நல்ல பாடம். 2015-16 நிதியாண்டுக்கு அந்த வங்கி காட்டிய மொத்த வாராக்கடன் சுமார் 749 கோடி ரூபாய். அதே கோப்புகளைப் பார்த்து ரிசர்வ் வங்கி மதிப்பிட்டது சுமார் 4,926 கோடி. ஆறு மடங்குக்கும் மேல். அந்தக் காலத்தில் அது வேகமாக வளரும், லாபகரமான தனியார் வங்கி என்று பெயர் வாங்கியிருந்தது. 2020 மார்ச் 5 அன்று அதே வங்கியில் டெபாசிட்தாரர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்தது. ஸ்டேட் வங்கி தலைமையில் மற்ற வங்கிகள் மூலதனம் போட்டுக் காப்பாற்றின. வங்கி தடுமாறினால் மதிப்பை இழக்கலாம் என்ற நிபந்தனையோடு விற்ற, 8,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கூடுதல் முதல்நிலைப் பத்திரங்கள் ஏட்டிலிருந்து முழுவதும் நீக்கப்பட்டன. நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையே உள்ள நான்கு வருடங்களை. 2016 அல்லது 2017 தரவை வைத்து ஆய்வு செய்தவருக்கு இந்த வங்கி வெற்றிக்கான எடுத்துக்காட்டாகவே விழுந்திருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு, அதை மாணவர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். ரிசர்வ் வங்கி 2015ல் சொத்துத் தர மறுஆய்வு நடத்தியது. மூடி மறைத்த கடன்களை வெளியே எடுங்கள் என்று வங்கிகளை நெருக்கியது. அதன்பின் இந்திய வணிக வங்கிகளின் மொத்த வாராக்கடன் விகிதம் ஏறி, 2018 மார்ச்சில் 11 சதவீதத்தைத் தாண்டியது. 2015க்கும் 2018க்கும் நடுவே ஆளுகை அவ்வளவு கெட்டுப்போய்விட்டதா? இல்லை. ஏற்கெனவே கெட்டிருந்த கடன் கணக்கில் ஏறியது, அவ்வளவுதான். பிறகு 2024 மார்ச்சில் அது 3 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அதில் ஒரு பகுதி வசூல், ஒரு பகுதி வசூலாகாது என்று ஏட்டிலிருந்து நீக்கியது, ஒரு பகுதி புதுக் கடன்கள் பெருகி விகிதத்தைக் குறைத்தது. வங்காளதேசத்தில் 2024 ஆகஸ்டில் ஆட்சி மாறியபின் மத்திய வங்கி பல வங்கிகளின் இயக்குநர் குழுக்களைக் கலைத்துப் புதிதாக அமைத்தது. அந்த வருட முடிவில் அறிவிக்கப்பட்ட வாராக்கடன் 20 சதவீதத்தைக் கடந்துவிட்டது. இதை நேராகப் படித்தால், இயக்குநர் குழுவைச் சீர்திருத்தினால் வாராக்கடன் ஏறும் என்ற அபத்தமான முடிவுக்கு வருவீர்கள். எண் மோசமாவது சில நேரம் கணக்கு நேர்மையாவதன் அடையாளம்.

சரி, அப்படியானால் ஆளுகை எந்த வழியாக வங்கியைக் கெடுக்கிறது? நான் சந்தேகமில்லாமல் முதலிடம் கொடுப்பது சொந்தபந்தக் கடனுக்கு: வங்கியைக் கட்டுப்படுத்துபவர் தன் கம்பெனிகளுக்கும் தனக்கு வேண்டியவர்களுக்கும் ஊரார் பணத்தைக் கொடுப்பது. இதற்கான சான்று வலுவானது. 1990களின் மெக்சிகோ வங்கிகளைக் கடன் கடனாக ஆராய்ந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு, வணிகக் கடன்களில் சுமார் 20 சதவீதம் வங்கியின் உரிமையாளர்களோடு தொடர்புள்ளவர்களுக்கே போனது என்று கண்டது. வட்டி மற்றவர்களைவிட ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளி குறைவு. அப்படியும் அந்தக் கடன்கள்தான் மற்றவற்றைவிட அதிகமாக வாராமல் போயின. போனபின் அவற்றிலிருந்து மீட்டதும் குறைவு. உரிமையாளருக்குத் தன் தொழில் நன்றாகத் தெரியும், அதனால் தன் கம்பெனிக்குக் கொடுக்கும் கடன் பாதுகாப்பானது என்று ஒரு வாதம் உண்டு. ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகளின் பழைய தொழில் வரலாற்றைக் காட்டி இதைச் சொல்வார்கள். அந்த வாதத்தை மெக்சிகோ தரவு பலமாகவே அடித்துப்போட்டது.

கானாவில் 2018 ஆகஸ்டில் ஐந்து வங்கிகளை மூடி ஒன்றாக்கினார்கள். அவற்றில் ஒன்றான யூனிபேங்க் பற்றி அந்நாட்டு மத்திய வங்கி வெளியிட்ட அறிக்கையின்படி, பங்குதாரர்களும் அவர்களோடு தொடர்புள்ளவர்களும் எடுத்துக்கொண்டது வங்கியின் மொத்தச் சொத்தில் 75 சதவீதம். அதில் பெரும்பகுதி கடன் பட்டியலிலேயே இல்லை. அந்த ஐந்தில் சில வங்கிகள் உரிமம் வாங்கும்போது காட்டிய மூலதனமே உண்மையில் இருக்கவில்லை என்றும் மத்திய வங்கி சொன்னது. மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியில் 2019 செப்டம்பரில் வெளியானது வேறு மாதிரி: கடன் புத்தகத்தில் சுமார் 70 சதவீதம் ஒரே கட்டுமானக் குழுமத்துக்கு. அதை மறைக்க 21,000க்கும் மேற்பட்ட போலிக் கணக்குகள். டெபாசிட்தாரர்களிடம் முதலில் சொல்லப்பட்டது, ஆறு மாதத்துக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று. கென்யாவின் இம்பீரியல் வங்கியில் நீண்ட காலம் நிர்வாக இயக்குநராக இருந்தவர் 2015 செப்டம்பரில் இறந்தார். அடுத்த மாதமே, புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் கண்டதைச் சொல்லப்போய், வங்கி மத்திய வங்கியின் கைக்குப் போனது. அதற்குச் சற்று முன்புதான் 200 கோடி ஷில்லிங்குக்குக் கடன் பத்திரம் விற்றிருந்தார்கள். மூன்று இடங்களிலும் இயக்குநர் குழு இருந்தது, தணிக்கையாளர் இருந்தார், ஆண்டறிக்கை அச்சாகி வந்தது.

மூலதனத்தை ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு நைஜீரியாவைக் காட்டுவேன். 2004ல் அங்கே வங்கிகளின் குறைந்தபட்ச மூலதனத்தை 200 கோடி நைராவிலிருந்து 2,500 கோடி நைராவாக ஒரேயடியாக உயர்த்தினார்கள். 2005 முடிவில் 89 வங்கிகள் 25 ஆயின. பெரிய, பலமான வங்கிகள் என்று உலகமே பாராட்டியது. நான்கே வருடத்தில், 2009 ஆகஸ்டில், மத்திய வங்கியின் புதிய ஆளுநர் சனுசி ஒரே நாளில் ஐந்து வங்கிகளின் தலைமை நிர்வாகிகளை நீக்கினார். அக்டோபரில் இன்னும் மூன்று பேர். மத்திய வங்கி மொத்தம் 62,000 கோடி நைரா போட்டுத்தான் அவற்றை நிறுத்த முடிந்தது. திரட்டிய மூலதனத்தில் ஒரு பகுதி, வங்கிகளே கடன் கொடுத்துத் தங்கள் பங்குகளை வாங்க வைத்ததால் வந்தது என்று அவர் பின்னர் வெளிப்படையாகப் பேசினார். இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றிவிட்டுப் பணக்காரன் ஆனேன் என்பது போல. மூலதன விதி எழுத்தில் நிறைவேறியது. அது உண்மையா என்று கேட்க வேண்டிய குழு கேட்கவில்லை.

குடும்பம் வேண்டாம், அரசே உரிமையாளராக இருக்கட்டும் என்றால்? அங்கே கசிவு வேறு வாசல் வழியாக. பாகிஸ்தானில் 1996 முதல் 2002 வரை கொடுத்த கடன்களை ஆராய்ந்தவர்கள், அரசியல் தொடர்புள்ள கம்பெனிகள் மற்றவற்றைவிட 45 சதவீதம் அதிகக் கடன் வாங்குவதையும், திருப்பிக் கட்டாத விகிதம் அவர்களிடம் 50 சதவீதம் அதிகம் என்பதையும் கண்டார்கள். இந்தச் சலுகை அரசு வங்கிகளில் மட்டும்தான். தனியார் வங்கிகளில் இல்லை. இந்தியாவில் தேர்தல் வருடங்களில் அரசு வங்கிகளின் விவசாயக் கடன் 5 முதல் 10 சதவீதப் புள்ளி கூடுதலாக வளர்ந்தது என்றும் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் அரசு வங்கி என்றாலே மோசம் என்று முடிவு கட்டவும் நான் தயாரில்லை. நெருக்கடியின்போது ஜனங்கள் ஓடிப்போய்ப் பணம் போடுவது அரசு வங்கியில்தான். இலங்கையில் 2008 டிசம்பரில் ஒரு குழுமத்தின் கிரெடிட் கார்டு நிறுவனம் கவிழ்ந்ததால் அதே குழுமத்தைச் சேர்ந்த செலான் வங்கியின் வாசலில் கூட்டம் கூடியது. மத்திய வங்கி அதன் நிர்வாகத்தை அரசுக்குச் சொந்தமான இலங்கை வங்கியிடம் ஒப்படைத்துத்தான் பதற்றத்தைத் தணித்தது. செலான் இன்றும் இயங்குகிறது.

அரசு வங்கிகளின் உண்மையான ஆளுகைச் சிக்கல், யார் பொறுப்பு என்பது மங்கிப்போவது. தலைவரை அமைச்சகம் நியமிக்கும், இயக்குநர்களையும் அதுவே. அந்தக் குழுவுக்குத் தலைவரை மாற்றும் அதிகாரம் இருக்காது, சம்பளத்தைத் தீர்மானிக்கும் அதிகாரமும் இருக்காது. இந்தியாவில் 2014ல் வந்த நாயக் குழு அறிக்கை இதைத்தான் கடுமையாகச் சொன்னது. அரசு தன் பங்குகளை ஒரு தனி முதலீட்டு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு விலகி நிற்க வேண்டும் என்பது அதன் யோசனை. 2016ல் அரசு வங்கிகளின் உயர் பதவிகளுக்கு ஆட்களைப் பரிந்துரைக்க வங்கிகள் வாரியப் பணியகம் என்று ஒன்று வந்தது, 2022ல் அது பெயரும் வடிவும் மாறியது. அந்த முதலீட்டு நிறுவனம் வரவில்லை. கீழ்மட்டத்தில் இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு 2018 பிப்ரவரியில் வெளியான பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி போதும். மும்பையில் ஒரு கிளையிலிருந்து, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக, வாடிக்கையாளர் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுவோம் என்று மற்ற வங்கிகளுக்குச் சொல்லும் பொறுப்புறுதிக் கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. அவை வங்கியின் மையக் கணினியில் பதிவாகவில்லை, ஏனென்றால் இரண்டும் இணைக்கப்படவில்லை. ஒரே அதிகாரி அதே இருக்கையில் வருடக்கணக்காக இருந்தார். இந்த இடரைப் பற்றி 2016லிருந்து எச்சரித்தே வந்தோம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. தொகை 13,000 கோடியைத் தாண்டியது. இடமாற்ற விதியை அமல்படுத்துவது, இரண்டு கணினிகளை இணைப்பது போன்ற சலிப்பூட்டும் வேலைகள் எந்த ஆளுகைக் குறியீட்டிலும் இடம்பெறுவதில்லை.

இனி இயக்குநர் குழுவுக்கு வருகிறேன். இங்கேதான் உறுதியும் சந்தேகமும் கலந்து கிடக்கின்றன. சுயாதீன இயக்குநர்களின் விகிதம், குழுவின் அளவு, பெண் இயக்குநர்களின் எண்ணிக்கை, தலைவரும் தலைமை நிர்வாகியும் ஒருவரா இருவரா என்பது, இவை நான்குக்கும் வங்கி லாபத்துக்கும் உள்ள உறவு ஆய்வுக்கு ஆய்வு திசை மாறுகிறது. அவற்றில் எதையும் தீர்ந்த விஷயமாக எழுதாதீர்கள். இன்னும் சங்கடமான ஒன்று: 2007-08 நெருக்கடியில் உலகின் பெரிய வங்கிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், பங்குதாரர் நலனுக்கு ஏற்ற இயக்குநர் குழு கொண்டவை என்று மதிப்பெண் பெற்றிருந்த வங்கிகள் மற்றவற்றைவிட மோசமாக அடிவாங்கின. யோசித்துப் பார்த்தால் இதில் மர்மம் இல்லை. பங்குதாரர் விரும்புவது கூடுதல் இடரை. குழு அவருக்கு விசுவாசமாக இருந்தால் அதைத்தான் கொடுக்கும். சிமெண்ட் கம்பெனிக்கு எழுதிய ஆளுகைப் பாடம் வங்கிக்கு அப்படியே ஒட்டாது என்று சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. உலக நாடுகளின் வங்கிக் கண்காணிப்பாளர்கள் சேர்ந்த பாசல் குழு 2015ல் வெளியிட்ட வங்கி ஆளுகைக் கொள்கைகளில் டெபாசிட்தாரரின் நலன் பங்குதாரரின் நலனுக்கு முன்னே நிற்பதும் இதனால்தான்.

சுயாதீனம் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது ஆண்டறிக்கையில் தெரியாது. உரிமையாளரின் கல்லூரி நண்பரும் ஓய்வுபெற்ற அதிகாரியும் சட்டப்படி சுயாதீனமே. பல நூறு பக்கக் கூட்ட ஆவணங்கள் முந்தைய நாள் இரவு கைக்கு வந்தால் எவ்வளவு நேர்மையானவரும் கையெழுத்துதான் போட முடியும். அதனால் ஒரு வங்கியின் ஆளுகையை எடைபோட வேண்டியிருந்தால் நான் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைத்தான் முதலில் கேட்பேன். தலைமை நிர்வாகி கொண்டுவந்த ஒரு பெரிய கடனை இந்தக் குழு எப்போதாவது திருப்பி அனுப்பியிருக்கிறதா? எந்தக் குறிப்பிலும் ஒரு மறுப்புகூட இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. அடுத்து, இடர் மேலாண்மைத் தலைவரும் உள் தணிக்கைத் தலைவரும் யாருக்குப் பதில் சொல்கிறார்கள், அவர்களை யார் நீக்கலாம், கடைசியாக அந்தப் பதவியிலிருந்து போனவர் ஏன் போனார் என்பது. மூன்றாவது, முதல் 20 கடன்தாரர்களின் பட்டியலும் அந்தக் கம்பெனிகளின் உண்மையான உரிமையாளர்களும். இந்த மூன்றும் கையில் இருந்தால் குழுவில் ஏழு பேரா பதினோரு பேரா என்பது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. இது என் தொழில் அனுபவத்திலிருந்து வரும் தீர்ப்பு, புள்ளியியலால் நிரூபித்ததில்லை.

ஊதியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் நீட்டமாட்டேன். கடன் கொடுத்த வருடமே ஊக்கத்தொகை கொடுத்து, கடன் மூழ்குவது நான்கு வருடம் கழித்து என்றால், கொடுத்தவர் அதற்குள் வேறு வங்கியில் இருப்பார். ஊக்கத்தொகையின் ஒரு பகுதியைத் தள்ளிவைத்துக் கொடுப்பதும், தேவைப்பட்டால் திரும்பப் பிடிப்பதும் அதற்காகத்தான். இந்தியாவில் தனியார் வங்கிகளுக்கு 2019ல் இந்த விதிகள் இறுக்கப்பட்டன. கொள்கையளவில் எனக்கு உடன்பாடு. உண்மையில் எத்தனை பேரிடமிருந்து திரும்பப் பிடித்தார்கள் என்பதில்தான் விஷயம்.

வளரும் நாடுகளில் ஆளுகைக்குப் பெரும்பாலும் முதுகெலும்பாக நிற்பது மத்திய வங்கி. சந்தை கண்டிக்காததை அது கண்டிக்க வேண்டியிருக்கிறது. பதவிக்கால வரம்பு அதன் விருப்பமான கருவி. 2009 கசப்புக்குப் பின் நைஜீரியா தலைமை நிர்வாகிகளுக்குப் பத்து வருடம் என்று எல்லை வைத்தது. இலங்கை 2007லேயே இயக்குநர்களுக்கு ஒன்பது வருடம் என்றது. இந்தியாவில் 2021லிருந்து தனியார் வங்கித் தலைமை நிர்வாகிக்குப் பொதுவாகப் பதினைந்து வருடம், அவரே நிறுவனராகவோ பெரும் பங்குதாரராகவோ இருந்தால் பன்னிரண்டு. ஒரே ஆள் நீண்ட நாள் இருந்தால் பழைய தவறுகளை மறைத்துவைக்க வசதி என்பது இதன் தர்க்கம். மேலே சொன்ன கென்யக் கதை அதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் வரம்பு வைத்ததால் வங்கிகள் மேம்பட்டன என்று சுத்தமாகப் பிரித்துக் காட்டுவது கடினம், ஏனென்றால் அதே நேரத்தில் இன்னும் பத்து விதிகளும் மாறின. விதி பின்னோக்கியும் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். வங்காளதேசத்தில் 2018ல் ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு பேர் என்றிருந்த இயக்குநர் வரம்பு நான்கானது, தொடர்ந்து இருக்கக்கூடிய காலம் ஆறு வருடத்திலிருந்து ஒன்பதானது. 2023ல் குடும்பத்தினர் மூன்றாகக் குறைந்தனர், காலமோ பன்னிரண்டு வருடமாக நீண்டது. யார் விதி எழுதுகிறார்கள், அவர்களுக்கு வங்கி உரிமையாளர்கள் எவ்வளவு நெருக்கம் என்பதும் ஆளுகையின் ஒரு பகுதிதான். அதை எந்தச் சமன்பாட்டிலும் ஒரு மாறியாக நுழைக்க எனக்கு வழி தெரியவில்லை.

நீங்கள் இதை ஆய்வுக்காகக் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன், அதனால் சில யோசனைகள். காரணம் எது விளைவு எது என்பதில் கவனம் தேவை. தடுமாறும் வங்கி, கண்காணிப்பாளரின், அதாவது மத்திய வங்கியின், நெருக்குதலால் சுயாதீன இயக்குநர்களைச் சேர்க்கும். அப்போது தரவில் சுயாதீன இயக்குநர் கூடும் இடத்தில் லாபம் குறைந்தே இருக்கும், அவர்கள் ஒரு பாவமும் செய்யாதபோதும். லாபத்தை அதே வருடத்தில் பார்க்காமல் மூன்றிலிருந்து ஐந்து வருடம் தள்ளிப் பாருங்கள். லாபத்தைவிட, வங்கி அறிவித்த வாராக்கடனுக்கும் கண்காணிப்பாளர் கண்ட வாராக்கடனுக்கும் உள்ள இடைவெளி வெளியாகும் நாடுகளில் அதையே விளைவு மாறியாக, அதாவது விளக்க வேண்டிய எண்ணாக, எடுப்பது நல்லது. இந்தியாவில் இந்த இடைவெளி ஒரு வரம்பைத் தாண்டினால் வங்கிகள் அதைத் தங்கள் கணக்கோடு வெளியிட வேண்டும், எனவே தரவு கிடைக்கும். உரிமையாளர் வகையை, அதாவது குடும்பம், அரசு, வெளிநாடு, சிதறிய பங்குதாரர் என்பதைத் தனித்தனியாகப் பிரியுங்கள். ஒரே விதி வெவ்வேறு உரிமையாளரிடம் வெவ்வேறு விளைவைத் தருகிறது என்பது பல நாட்டு ஒப்பீடுகளில் ஓரளவு உறுதியாகவே வந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதைத்தான் பெரும்பாலான மாணவர் ஆய்வுகளில் காணோம். கானாவில் 34 வங்கிகள் இருந்தன, மேலே சொன்ன மூடல்களையும் உள்ளடக்கிய வங்கித்துறைச் சுத்திகரிப்புக்குப் பின் 23. இன்றைக்கு இருக்கும் 23 வங்கிகளின் ஆண்டறிக்கைகளைப் பத்து வருடத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு ஆய்வைத் தொடங்கினால், ஆளுகை வங்கியை எப்படிக் கொல்கிறது என்பதற்கான சான்றுகளைத் தொடங்குமுன்பே வெளியே தள்ளிவிட்டீர்கள். மூடிய வங்கிகளின் பழைய ஆண்டறிக்கைகளைத் தேடி எடுங்கள். இணையத்தில் கிடைக்காவிட்டால் பங்குச் சந்தையின் ஆவணங்களிலும் மத்திய வங்கியின் நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். அவற்றைச் சேர்த்தபின், உங்களுக்கு முன்பு குழப்பமாகத் தெரிந்த குணகங்களின், அதாவது ஆளுகைக்கும் லாபத்துக்கும் உள்ள உறவைக் காட்டும் எண்களின், திசை மாறுகிறதா என்று முதலில் பாருங்கள்.